காசு கொடுத்து வாங்கிய சீட்டா?

(மூன்றாமாண்டு மெக்கானிக்கல் மாணவர் ஒருவர்)



2025 ஜனவரி 12, ஞாயிற்றுக்கிழமை. பொங்கலுக்கு இன்னும் ஊருக்குக் கிளம்பாத நாங்கள் ஏழெட்டுப் பேர் ஆனைக்குட்டம் டீக்கடை பெஞ்சில் நெருக்கியடித்துக்கொண்டு ஒரே செல்போனை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். துபாயில் 24 மணி நேரக் கார்ப் பந்தயம் முடிந்து, நடிகர் அஜித்குமாரின் அணி 992 என்ற பிரிவில் மூன்றாவதாக வந்திருந்தது. தேசியக் கொடியோடு அவர் ஓடிவந்த காட்சியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கடை அண்ணாச்சி ஆளுக்கொரு வடை இனாமாகத் தந்தார். (அவர் பழைய ரசிகர்!)

அப்போதுதான் எலக்ட்ரிக்கல் நண்பன் ஒருவன் வடையைக் கடித்துக்கொண்டே அந்தக் கேள்வியைப் போட்டான்.

"இதுல என்ன மாப்ளே சாதனை? காசு இருக்கு, டீம் வைக்கிறாரு, சீட்டுல உக்காருறாரு. நம்ம மேனேஜ்மென்ட் கோட்டா மாதிரிதானே?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்த மாதிரி பாவனை செய்தேன். ஏனென்றால் நானே மேனேஜ்மென்ட் கோட்டாதான். பத்தாம் வகுப்பில் கணக்கில் 41. பட்டாசு ஆலையில் மருந்து செலுத்தும் எங்கள் சித்தியின் தீபாவளி போனசும், அம்மாவின் கம்மலும்தான் என் சீட்டு. நண்பனுக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டான், நல்ல பையன்.

ஆனால் கேள்வி மட்டும் என்னை விடவில்லை. காசு கொடுத்து ஒரு இடத்தில் உட்கார்ந்தவன் அந்த இடத்துக்குத் தகுதியானவன் ஆக முடியுமா, முடியாதா? அஜித்தை வைத்து இதைப் பேசினால் ரசிகர் மன்றச் சண்டையில்தான் முடியும். ஆகவே நம்ம ஊரில் யாருமே மன்றம் வைக்காத ஓர் ஆளை எடுத்துக்கொள்கிறேன். கம்ப்யூட்டர் பிரிவு நண்பர்கள் மட்டும் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

டேவிட் ஹைனமையர் ஹான்சன். டென்மார்க் நாட்டுக்காரர், 1979-ல் கோபன்ஹேகனில் பிறந்தவர். ஜப்பானியர் ஒருவர் உருவாக்கிய ரூபி என்ற கம்ப்யூட்டர் மொழியை வைத்து, இணையதளங்கள் கட்டுவதற்கு 'ரூபி ஆன் ரெயில்ஸ்' என்ற சட்டகத்தை 2004-ல் எழுதி இலவசமாக வெளியிட்டவர். வீடு கட்டுகிறவனுக்குச் செங்கலைத் தானே சுடச் சொல்லாமல், அஸ்திவாரம், தூண், நிலை, ஜன்னல் எல்லாம் அளவெடுத்து வைத்துக் கொடுத்த மாதிரி. ட்விட்டர், கிட்ஹப், ஷாப்பிஃபை ஆகியவை ஆரம்பத்தில் இதன் மேல்தான் எழுந்தன. அமெரிக்காவில் சிகாகோ நகரின் 'தேர்ட்டி செவன் சிக்னல்ஸ்' என்ற சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் ஜேசன் ஃப்ரீடுடன் பங்குதாரரானார். 2006-ல் அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் அந்தக் கம்பெனியில் ஒரு சிறு பங்கு வாங்கினார். ஆக மனிதரிடம் காசு இருந்தது. அதை மறைத்துப் பேச வேண்டியதில்லை.

விஷயம் என்னவென்றால், இந்த ஆளுக்கு 25 வயது வரை டிரைவிங் லைசென்ஸே கிடையாது! நம்மில் பாதிப் பேர் 15 வயதில் அப்பாவின் டி.வி.எஸ். எக்ஸெல்லைத் திருட்டுத்தனமாக ஓட்டியவர்கள். (சரி என்று சொல்லவில்லை, நடப்பைச் சொல்கிறேன்.) ஃபார்முலா ஒன் வீரர்களெல்லாம் ஆறேழு வயதிலேயே கோ-கார்ட்டில் ஏறிவிடுகிறார்கள். இவரோ சுமார் 27 வயதில்தான் முதன்முதலாக ஒரு பந்தயக் காரில் உட்கார்ந்தார். ஆனால் 2012-ல் பிரான்சின் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் ஓட்டினார். 2013-ல் அதே இடத்தில் தன் பிரிவில் இரண்டாமிடம். 2014-ல் பிரிவில் முதலிடம். அந்த வருடத்தின் உலக எண்டூரன்ஸ் சாம்பியன்ஷிப்பில் அமெச்சூர் ஜி.டி. பிரிவுப் பட்டத்தையும் கூட்டாளியுடன் சேர்ந்து வென்றார்.

ஃபார்முலா ஒன்னில் இது கனவிலும் நடக்காது. நீண்டநேரப் பந்தயத்தில் எப்படி நடக்கிறது? அதற்கு அந்தப் பந்தயத்தின் அமைப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ஒரு கார், மூன்று பேர்

லெ மான்ஸ் பந்தயம் 1923-ல் ஆரம்பித்தது. ஒரு சுற்று சுமார் 13.6 கிலோமீட்டர். அதில் பெரும்பகுதி சாதாரண நாட்களில் லாரியும் பஸ்ஸும் போகிற பொதுச்சாலை. 24 மணி நேரத்தில் அதிக தூரம் போன கார் வெற்றி பெறும். ஒரே காரை மூன்று பேர் மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும். ஒருவர் மொத்தத்தில் 14 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. எந்த 6 மணி நேரத்தை எடுத்துக்கொண்டாலும் அதில் 4 மணிக்கு மேல் கூடாது. பட்டாசு ஆலை ஷிப்டைவிடக் கண்டிப்பான ஷிப்ட்!

எல்லாக் காரும் ஒரே ரகமும் இல்லை. 2014-ல் நான்கு பிரிவுகள் ஒரே தளத்தில் ஒன்றாக ஓடின. மேலே இரண்டு, பந்தயத்துக்கென்றே பிறந்த புரோட்டோடைப் கார்கள். கீழே இரண்டு, கடையில் விற்கும் ஸ்போர்ட்ஸ் காரிலிருந்து தயாரித்த ஜி.டி. கார்கள். பெரிய கார் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டிப் பின்னாலிருந்து பாய்ந்து வரும். ஜி.டி. ஓட்டுநர் தன் பந்தயத்தையும் பார்க்க வேண்டும், கண்ணாடியையும் பார்க்க வேண்டும். விருதுநகர் நாலு வழிச்சாலையில் மொபெட் ஓட்டும்போது பின்னால் ஆம்னி பஸ் வந்தால் நம் முதுகு கூசுமே, அதை இரவு முழுக்க, ஒவ்வொரு சுற்றிலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது சீட்டு விவகாரத்துக்கு வருகிறேன். ஓட்டுநர்களை எஃப்.ஐ.ஏ. என்ற உலக அமைப்பு பிளாட்டினம், தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று நான்கு தரமாகப் பிரிக்கிறது. மேலே இருப்பவர்கள் பிழைப்பே ரேஸ் என்று இருப்பவர்கள். வெண்கலம் என்பது வேறு தொழில் செய்துகொண்டு தாமதமாக வந்தவர்கள். ஹான்சன் வென்ற அமெச்சூர் பிரிவில் மூவரில் ஒருவர் மட்டும்தான் மேல்தரத்தவராக இருக்க முடிந்தது. மற்ற இரண்டு சீட்டும் வெள்ளி, வெண்கலத்துக்கு ஒதுக்கீடாக இருந்தன. கீழ்த்தரத்துக்காரர் சும்மா பெயருக்கு இரண்டு சுற்று ஓட்டிவிட்டு இறங்கவும் முடியாது; குறைந்தபட்ச நேரம் விதி உண்டு.

நிஜத்தில் அந்த வெண்கல சீட்டில் உட்காருபவர்தான் பல அணிகளில் செலவில் பெரும்பங்கை ஏற்கிறார். டயர், பெட்ரோல், மெக்கானிக் சம்பளம், ஏன், கூட ஓட்டும் புரொஃபஷனலின் சம்பளம்கூட அவர் பையிலிருந்து வரும். ஆக நம் எலக்ட்ரிக்கல் நண்பன் சொன்னது பாதி நிஜம். சீட்டு காசுக்குத்தான் வருகிறது. இன்னொரு தில்லுமுல்லும் உண்டு. நல்ல வேகமான இளைஞன், புள்ளிவிவரப்படி இன்னும் வெள்ளித் தரத்திலேயே இருப்பான். அவனைப் பிடித்துப் போட்டால் ஒதுக்கீட்டு சீட்டில் ஒரு புரொஃபஷனல் கிடைத்த மாதிரி. நம்ம ஊர் சர்டிபிகேட் விவகாரங்களைப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

மீதிப் பாதி

மீதிப் பாதி எங்கே இருக்கிறது? ஸ்டாப் வாட்ச்சில். காசு கொடுத்தாலும் நேரே பந்தயத்தில் இறங்கிவிட முடியாது. லெ மான்ஸ் புதியவர் சோதனை நாளில் குறைந்தது 10 சுற்று ஓட்டிக் காட்ட வேண்டும். இருட்டிலும் ஓட்டிக் காட்ட வேண்டும். ஒவ்வொரு ஓட்டுநரும் தன் பிரிவின் அதிவேகக் காரின் நேரத்திலிருந்து குறிப்பிட்ட சதவீதத்துக்குள் ஒரு சுற்றை முடிக்க வேண்டும். முடியவில்லையா, யாராக இருந்தாலும் வெளியே.

அதற்கப்புறம் நடப்பது எனக்குப் பிடித்த கணக்கு. (41 வாங்கியவன் கணக்கு, பொறுத்துக்கொள்ளுங்கள்.) லெ மான்ஸில் ஒரு ஜி.டி. காருக்கு ஒரு சுற்று ஏறத்தாழ 4 நிமிடம். மணிக்கு 15 சுற்று. நம் வெண்கலக்காரர் புரொஃபஷனலைவிடச் சுற்றுக்கு 3 வினாடி மெதுவு என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 45 வினாடி நஷ்டம். 6 மணி நேரம் ஓட்டினால் 270 வினாடி, அதாவது நாலரை நிமிடம். ஒரு சுற்றுக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

அதே ஆள் அந்த 3 வினாடியைப் பிடிக்க ஆசைப்பட்டு ஒரே ஒரு வளைவில் பிரேக்கைத் தாமதமாகப் போட்டு, சரளையில் இறங்கிவிட்டார் என்று வையுங்கள். கிரேன் வந்து இழுக்க வேண்டும், கார் பிட்டுக்குத் திரும்ப வேண்டும், அடிப்பாகத்தைச் சரிபார்க்க வேண்டும். பத்து நிமிடமும் போகும், அரை மணியும் போகும், பந்தயமேகூடப் போகும். ஆக அமெச்சூர் பிரிவில் கோப்பையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்த வேகமான புரொஃபஷனல் இல்லை. எல்லா அணியிலும் அப்படி ஒருவர் இருக்கிறார். எந்த அணியின் மெதுவான ஆள் மிகக் குறைவாக மெதுவாகவும், ஒரே சீராகவும், காரைக் கெடுக்காமலும் ஓட்டுகிறாரோ அந்த அணிதான் மேலே வரும்.

எங்கள் சித்தி இதைத்தான் வேறு மாதிரி சொல்லும். பீஸ் ரேட்டில் கை வேகம் காட்டுகிறவளைவிட, காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரே கை ஓட்டத்தில் மருந்து செலுத்துகிறவள் பக்கத்தில்தான் உட்கார வேண்டும் என்று.

இந்த மூன்று வினாடியைக் குறைப்பதில் ஒரு கம்ப்யூட்டர்காரருக்கு வசதி உண்டு. இன்றைய பந்தயக் காரில் பிரேக் அழுத்தம், ஆக்சிலரேட்டர் எவ்வளவு திறந்தது, ஸ்டியரிங் எத்தனை டிகிரி திரும்பியது எல்லாம் சென்சார் மூலம் பதிவாகிறது. புரொஃபஷனல் ஓட்டிய சுற்றின் வரைகோட்டையும் தன் சுற்றின் வரைகோட்டையும் ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டுப் பார்த்தால், நேரம் எங்கே ஒழுகுகிறது என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் அமெச்சூர் செய்யும் தப்பு ஒரே மாதிரிதான் இருக்குமாம். பிரேக்கைப் பயந்து பயந்து மிதிப்பார், பிறகு தேவைக்கு அதிகமாகப் பிடித்துக்கொண்டே இருப்பார், வளைவின் நடுவில் வேகம் செத்துப்போகும். வரைகோடு பொய் சொல்லாது. "நான் நல்லாத்தான் ஓட்டுனேன்" என்று அதனிடம் வாதாட முடியாது. புரோகிராமில் தப்பு தேடுவதும் கிட்டத்தட்ட இதே வேலைதானே.

மெக்கானிக்கல்காரன் என்பதால் பிட் ஸ்டாப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனமில்லை. ஒரு டேங்க் ஏறத்தாழ ஒரு மணி நேரம் வரும். கார் உள்ளே வந்ததும் என்ஜினை அணைக்க வேண்டும், அப்புறம்தான் பெட்ரோல். பெட்ரோல் ஏறும்போது டயரைத் தொடக் கூடாது. அந்த இடைவெளியில்தான் ஓட்டுநர் மாற்றம். உள்ளிருப்பவர் பெல்ட்டைக் கழற்றி, ரேடியோ வயரைப் பிடுங்கி, தன் உடம்பு அளவுக்கு வார்த்த சீட் மெத்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே குதிப்பார். அடுத்தவர் தன் மெத்தையைப் போட்டு உட்கார, இறங்கியவரே குனிந்து அவருக்கு பெல்ட் மாட்டிவிடுவார். கோடி ரூபாய்க்காரராக இருந்தாலும் சரி, அந்த நேரத்தில் அவர் அடுத்தவருக்கு ஹெல்பர்.

95-ஆம் நம்பர் கார்

2013 ஜூன் 22. லெ மான்ஸ் பந்தயம் ஆரம்பித்துப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. ஆஸ்டன் மார்ட்டின் அணியின் 95-ஆம் நம்பர் கார் டெர்ட்ர் ரூஜ் என்ற வளைவின் வெளிவாசலில் வழுக்கித் தடுப்பில் மோதியது. உள்ளே இருந்தவர் டென்மார்க்கின் ஆலன் சிமோன்சன், வயது 34. அனுபவசாலி. பிழைக்கவில்லை. அவரோடு அந்தக் காரைப் பகிர்ந்து ஓட்ட வேண்டிய மற்ற இருவரும் டென்மார்க்காரர்கள். அதில் ஒருவர் கிறிஸ்தியான் போல்சன். அவர் முறை வருவதற்கு முன்பே கார் இல்லை, நண்பரும் இல்லை.

சிமோன்சன் குடும்பத்தார் கேட்டுக்கொண்டதால் அந்த அணியின் மற்ற கார்கள் பந்தயத்தைத் தொடர்ந்தன. ஒட்டுமொத்த வெற்றியும் அந்த வருடம் ஒரு டென்மார்க்காரருடையதுதான். டாம் கிறிஸ்டென்சனுக்கு அது ஒன்பதாவது லெ மான்ஸ் வெற்றி. கொண்டாட்டம் யாருக்கும் வரவில்லை. அதே தளத்தில் வேறொரு பிரிவில், ஓக் ரேசிங் அணிக்காக 24 மணி நேரத்தையும் முடித்து இரண்டாவதாக வந்த மூவரில் நம் ஹான்சனும் ஒருவர். தன் நாட்டுக்காரன் இறந்துபோன அதே வளைவை இரவெல்லாம் சுற்றுக்கு ஒருதரம் கடந்துதான் அந்த இரண்டாமிடம் வந்தது. இதைப் படித்தபோது நான் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். பட்டாசு ஆலை வெடிவிபத்துக்கு மறுநாள் பக்கத்து ஆலைக்கு வேலைக்குப் போகிறவர்களை நம் பகுதியில் பார்த்திருக்கிறோம்.

அடுத்த வருடம், 2014. அதே ஆஸ்டன் மார்ட்டின், அதே 95 நம்பர், மறுபடியும் மூன்று டென்மார்க்காரர்கள். போல்சன் திரும்பி வந்தார். கூடவே நிக்கி தீம், முந்தின வருடம் போர்ஷே சூப்பர் கப் சாம்பியனான இளைஞர், அவர்தான் புரொஃபஷனல். மூன்றாவது ஆள் சாஃப்ட்வேர்காரர் ஹான்சன், வயது 34. ஜூன் 15 பகலில் பந்தயம் முடிந்தபோது அமெச்சூர் பிரிவில் முதலாவதாக வந்தது அந்தக் கார்.

இதைக் காசு கொடுத்து வாங்கியது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சீட்டை வாங்கலாம். போல்சன் கண் முன்னால் 95-ஆம் நம்பர் காரைப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்து பிட்டில் நிறுத்தியதை எந்தக் கடையில் வாங்குவது?

நம்மவர்கள்

நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயனுக்கும் லெ மான்ஸில் ஒரு கதை உண்டு, கசப்பான கதை. 2009-ல் கோலஸ் அணியின் ஆடி காரில் மூவரில் ஒருவராகப் போனார். பந்தயம் ஆரம்பிக்கும் முன்பு பிட் சுவரிலிருந்து விழுந்து தோள்பட்டை விலகிவிட்டது. அவ்வளவுதான், பந்தயத்தில் ஓட்ட முடியவில்லை. மற்ற இருவர் மட்டுமே மாற்றி மாற்றி ஓட்டி ஏழாமிடம் பிடித்தார்கள். அந்த இருவரில் ஒருவர் ஆந்த்ரே லோட்டரர். அடுத்த வருடமே ஆடி கம்பெனி அவரைத் தன் சொந்த அணியில் சேர்த்துக்கொண்டது. பிறகு அவர் மூன்று முறை லெ மான்ஸ் வென்றார். ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியருக்கே ஒரு சுவரில் கால் தவறியதால் கிடைக்காமல் போனது, கூட இருந்தவருக்கு வாழ்க்கையாகிவிட்டது. இதில் காசும் இல்லை, தகுதிக்குறைவும் இல்லை. என்னவென்று சொல்வது!

இப்போது டீக்கடை பெஞ்சுக்கே திரும்புகிறேன். அஜித் விஷயத்தில் நண்பன் கவனிக்காத ஒன்று உண்டு. அவர் நேற்றுத் திடீரென்று ஹெல்மெட் மாட்டியவர் இல்லை. 2003-ல் ஃபார்முலா ஆசியா பி.எம்.டபிள்யூ., 2004-ல் பிரிட்டிஷ் ஃபார்முலா த்ரீ, 2010-ல் ஃபார்முலா டூ என்று ஏற்கெனவே ஓட்டியவர். நடுவில் வருடக்கணக்கில் விட்டுவிட்டு, 53 வயதில் சொந்தப் பெயரில் அணி அமைத்துத் துபாய்க்கு வந்தார். பந்தயத்துக்கு நாலு நாள் முன்பு, ஜனவரி 7-ஆம் தேதி, பயிற்சியில் கார் தடுப்பில் மோதிச் சுழன்றது. அந்த வீடியோவைப் பார்க்காதவர் தமிழ்நாட்டில் இருக்க மாட்டார்.

அதற்கப்புறம் நடந்ததுதான் முக்கியம். அவர் உடல்நிலையையும் அணியின் வெற்றி வாய்ப்பையும் கணக்கில் எடுத்து, அவர் தன் அணியின் போர்ஷே கப் காரின் ஓட்டுநர் பட்டியலிலிருந்து விலகுவது என்று முடிவானது. அந்தக் காரை மற்ற ஓட்டுநர்கள் ஓட்டி மூன்றாமிடம் கொண்டுவந்தார்கள். அவர் வேறொரு அணியோடு சேர்ந்து ஜி.டி. 4 பிரிவில் வேறு காரை ஓட்டினார். அணி அவருடையது, பெயர் அவருடையது. இருந்தாலும் சீட்டிலிருந்து இறங்கினார்.

பொங்கல் முடிந்து வந்ததும் இதையெல்லாம் எலக்ட்ரிக்கல் நண்பனிடம் ஒரு மணி நேரம் விளக்கினேன். கடைசியில், என் சீட்டு எப்படி வந்தது என்பதையும் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ இந்த செமஸ்டர் தெர்மல் அரியரை முடிச்சுடு, உங்க சித்தி போனசு வீணாப் போயிரும்" என்றான். முடித்துவிட்டேன், 52.

லெ மான்ஸ் ஒவ்வொரு ஜூனிலும் நடக்கிறது. அங்கே சாயங்காலம் 4 மணிக்குக் கொடி அசைத்தால் நமக்கு இரவு ஏழரை. ஆரம்பத்தை மட்டும் பார்த்துவிட்டுப் படுத்துவிடாதீர்கள். மெதுவான ஆட்களும் களைத்த பிரேக்குகளும் சோதனைக்கு வரும் நடுராத்திரி அவர்களுக்கு 12 மணி என்றால், நமக்கு விடியற்காலை மூன்றரை. ஹாஸ்டலில் அலாரம் வைப்பவர்கள் பக்கத்துக் கட்டில்காரனிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.